வீட்டுச் சுவரில் ஸ்பிளிட் ஏசி இன்டோர் யூனிட் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி வாங்கும்போது ஸ்டார், டன், பிராண்டு எல்லாம் நாள்கணக்கில் பார்க்கிறோம். மாட்டுகிற அந்த மூன்று மணி நேரத்தை யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. தண்ணீர் ஒழுகுவது, ஆறு மாதத்தில் கேஸ் போவது, சத்தம் போடுவது என்று பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிறக்கின்றன. வீட்டில் இருக்கிறவர் எதைக் கவனிக்க வேண்டும், மெக்கானிக்கிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக இந்தப் பக்கம். அளவுகள் தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் மாட்டப்படும் 1 முதல் 2 டன் வரையான சுவர் ஏசிக்கானவை. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதே சரி.

எந்தச் சுவரில் மாட்டுவது?

முடிந்தவரை வெளிச்சுவரில். பைப் நேராக வெளியே போய்விடும், தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்புக்குச் சரிவு கிடைக்கும், அறைக்குள் பைப் ஓடாது. நீளமான அறையென்றால் குட்டைப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் காற்று அறையின் நீளம் முழுக்கப் போகும்.

கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே வேண்டாம். குளிர்காற்று நேராக முகத்தில் விழும் எதிர்ச்சுவரும் வேண்டாம். கட்டிலின் பக்கவாட்டுச் சுவர் பெரும்பாலும் சரியாக அமையும். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் மேலே மாட்டவே கூடாது. என்றாவது ஒருநாள் சொட்டும், அன்றைக்கு ஏசியைவிட விலை அதிகமான பொருள் கெடும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு பரணுக்கு அடியில் மாட்டுவது. யூனிட் மேல்பக்கமாகக் காற்றை இழுத்து, கீழ்ப்பக்கமாக விடுகிறது. மேலே பரண் அடைத்துக்கொண்டால், விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். அறை 24 டிகிரிக்கு வந்துவிட்டது என்று சென்சார் நம்பிவிடும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேர்த்துக்கொண்டிருக்கும். ஸ்கிரீன் துணி மாட்டும் பெல்மெட் பெட்டிக்கும் இதே கதைதான்.

உயரமும் இடைவெளியும் எவ்வளவு?

தரையிலிருந்து யூனிட்டின் அடிப்பகுதி 7 முதல் 8 அடி. மேலே சீலிங்குக்கும் யூனிட்டுக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டர், இரு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர். மேல் இடைவெளியில் சமரசம் செய்ய வேண்டாம். அழகுக்காக சீலிங்கோடு ஒட்டி மாட்டச் சொல்பவர்கள் உண்டு. ஃபில்டரைக் கழற்றக்கூட இடமிருக்காது. பால்ஸ் சீலிங் பின்னால் வரப்போகிறது என்றால், அது எவ்வளவு இறங்கும் என்று அளந்துகொண்டே மாட்டுங்கள்.

யூனிட்டைத் தாங்கும் பின்தட்டை எப்படிப் பொருத்துவது? எல்லாச் சுவரும் தாங்குமா?

இன்டோர் யூனிட்டின் எடை பெரும்பாலும் 8 முதல் 12 கிலோ. செங்கல் சுவர் தாராளமாகத் தாங்கும். 6 அல்லது 8 மிமீ துளை போட்டு, ராவல் பிளக் வைத்து, குறைந்தது ஐந்தாறு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். மேல்வரிசை ஸ்க்ரூக்கள்தான் எடையைத் தாங்குகின்றன, அங்கே கஞ்சத்தனம் கூடாது. பூச்சில் மட்டும் பிடித்து நிற்கும் ஸ்க்ரூ சில மாதத்தில் தளர்ந்து யூனிட் அதிரும். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்க வேண்டும்.

வெள்ளை நிற இலகு பிளாக் சுவருக்கும் ஹாலோ பிளாக்குக்கும் சாதாரணப் பிளக் பிடிக்காது. அந்தந்தச் சுவருக்கென்றே ஆங்கர் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். ஜிப்சம் போர்டு தடுப்பு என்றால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைத் தேடிப்பிடித்து அதில் முடுக்க வேண்டும்.

பின்தட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்தே முடுக்க வேண்டும். டிரெயின் பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருந்தால் குற்றமில்லை. எதிர்ப்பக்கம் இறங்கினால் யூனிட்டுக்குள் தண்ணீர் சேரும் தட்டில் தேங்கி, முதல் வாரத்திலேயே சுவரில் வழியும்.

சுவர்த்துளை எவ்வளவு பெரியது?

65 மிமீ, அதாவது இரண்டரை இஞ்ச். உள்ளிருந்து வெளியே போகப்போக 5 முதல் 10 மிமீ இறங்க வேண்டும். கோர் கட்டிங் மிஷினில் போட்டால் ஓரம் உடையாது. சுத்தி, உளி வைத்து உடைத்தால் மறுபக்கத்துப் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். பீம், லிண்டல், பில்லர் எதிலும் துளை போட விடாதீர்கள். கம்பியை அறுத்தால் அது கட்டடத்தின் பலத்தையே தொடுகிற விஷயம். துளைக்கு ஒரு பிவிசி உறை கொடுத்து, பைப் போனபின் இரு பக்கமும் புட்டி வைத்து அடைக்க வேண்டும். அடைக்காத துளை வழியே மழைத்தண்ணீரும் வெக்கையும் எறும்பும் வரும்.

எந்த அளவு காப்பர் பைப்?

பெரும்பாலான 1 டன் ஏசிகளுக்குக் கால் இஞ்ச் லிக்விட் பைப் (சின்னது), மூன்று நூல் (3/8 இஞ்ச்) அளவில் பெரிய சக்‌ஷன் பைப். ஒன்றரை டன்னுக்குக் கால் இஞ்சும் அரை இஞ்சும். 2 டன்னில் சக்‌ஷன் அரை இஞ்சோ ஐந்து நூலோ வரும். யூனிட்டில் இருக்கும் நட்டின் அளவே கடைசித் தீர்ப்பு.

பைப்பின் கனம் 0.7 மிமீக்குக் குறையக் கூடாது, 0.8 இருந்தால் நிம்மதி. இப்போது வரும் ஏசிகள் பெரும்பாலும் ஆர்-32 கேஸில் ஓடுகின்றன. ஏசி அணைந்திருக்கும்போதே, 30 டிகிரி வெப்பத்தில் பைப்புக்குள் 250 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் நிற்கும். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 கேஸை விட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். மெல்லிய பைப்பை வளைக்கும்போதே சப்பையாகும், பிளேரிங் போட்ட இடத்தில், அதாவது நட்டில் பிடிக்க பைப்பின் வாயை விரித்த இடத்தில், விரிசல் விடும்.

இன்சுலேஷன் இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக வேண்டும். "சின்ன பைப்புக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் கேஸ் விரிவடைகிற இடம் பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சின்ன பைப்பும் குளிர்ந்தபடிதான் உள்ளே வருகிறது. மூடாமல் விட்டால் கடலோர ஈரக்காற்றில் அதுவும் வேர்த்துச் சொட்டும். 9 மிமீ கனமுள்ள சாதா வெள்ளை ஃபோம் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போதாது. 13 மிமீ கறுப்பு நைட்ரைல் ரப்பர் நல்லது. பால்ஸ் சீலிங்குக்குள் ஓடுகிற பைப்புக்கு 19 மிமீ.

கேஸ் லீக் ஆகிறது என்றால் எங்கே ஆகும்?

பெரும்பாலும் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் பிளேர் நட்டில்தான். அதனால் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, பைப் கட்டரால் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய வாயின் உள்விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். பைப்பின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், தூள் உள்ளே விழுந்தால் கம்ப்ரசருக்குப் போகும். பிளேரிங் அடிக்கும் முன்பே நட்டைப் பைப்பில் கோத்துவிட வேண்டும். மறந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும்.

சரியாக அடித்த பிளேரின் முகம் கண்ணாடிபோல வழவழப்பாக, வட்டம் முழுக்க ஒரே அகலத்தில் இருக்கும். ஒரு பக்கம் அகலம் கூடியிருந்தாலோ, விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, உள்முகத்தில் கோடு விழுந்திருந்தாலோ வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். நட்டை முதலில் கையால் மூன்று நான்கு சுற்று திருப்ப வேண்டும். தொடக்கத்திலேயே இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது. பிறகு இரண்டு ஸ்பேனர்: ஒன்று இணைப்பைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருப்பினால் இன்டோர் காயிலோடு (குளிரூட்டும் பைப் சுருள்) வரும் பைப் முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு இறுக்கம்? இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், மூன்று நூலுக்கு 34 முதல் 42, அரை இஞ்சுக்கு 49 முதல் 61. "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்று உடம்பு பலத்தைக் காட்டினால் பிளேரின் கழுத்து நசுங்கி மெலியும். அந்த லீக் அன்றைக்குத் தெரியாது, அடுத்த சித்திரையில் தெரியும்.

லீக் பார்க்க நைட்ரஜன் ஏற்றுவதே முறை. ஆர்-32 ஏசிக்குச் சுமார் 400 பிஎஸ்ஐ வரை ஏற்றி, குறைந்தது அரைமணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவுட்டோர் வால்வுகள் அப்போது மூடியே இருக்க வேண்டும். எல்லா நட்டிலும் சோப்பு நுரை தடவுங்கள். பெரிய லீக் உடனே குமிழ் விடும். சின்ன லீக்குக்கு இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கடுகளவு வெள்ளை நுரை ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும். சோதனை முடிந்தபிறகுதான் இணைப்பின் மேல் இன்சுலேஷன் சுற்ற வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும்.

"வேக்யூம் எல்லாம் வேண்டாம், கொஞ்சம் கேஸ் விட்டு ஏர் எடுத்தாப் போதும்" என்கிறார் மெக்கானிக். சரியா?

சரியில்லை. ஒப்புக்கொள்ளவே வேண்டாம். வேக்யூம் என்பது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது.

கேஸைத் தள்ளிவிட்டால் காற்றில் ஒரு பகுதி வெளியே போகும், பைப் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. ஆர்-32 ஏசியில் இருக்கும் கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சக் காத்துக்கொண்டிருப்பது. ஈரம் சேர்ந்தால் அமிலமாக மாறி, மோட்டார் சுருளின் பூச்சை மெல்ல அரிக்கும். மிஞ்சிய காற்று அவுட்டோர் காயிலில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டும், கரண்ட் கூடும், குளிர் குறையும். இன்னொன்று, ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அளந்து நிரப்பி வந்த கேஸை வெளியே விட்டால் அளவும் குறையும்.

வேக்யூம் பம்ப் உள்ளே அழுத்தத்தை இறக்குகிறது. அழுத்தம் இறங்க இறங்க, பைப்பிலுள்ள ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. அதற்கு நேரம் வேண்டும். ஐந்து மீட்டர் வரை பைப் என்றால் 20 முதல் 30 நிமிடம் பம்ப் ஓட வேண்டும். சாதா கேஜின் முள் இரண்டே நிமிடத்தில் மைனஸ் 30க்கு (பாதரச இஞ்ச்) இறங்கிவிடும். அதைப் பார்த்து "ஆச்சு சார்" என்று நிறுத்துவதுதான் வழக்கமான ஏமாற்றம். ஈரம் போனதா என்று அந்த முள் சொல்லாது. வேக்யூமை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மைக்ரான் ஏறிக்கொண்டே போனால் லீக். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பம்பைத் தொடர வேண்டும்.

அதன்பிறகே ஆலன் கீ (அறுகோணச் சாவி) வைத்து அவுட்டோர் வால்வுகளைத் திறக்க வேண்டும், இரண்டையும் கடைசிவரை. பாதி திறந்த வால்வு ஏசியை மூச்சுத்திணற வைக்கும். பித்தளை மூடிகளும் லீக்கைத் தடுக்கும் பாகம்தான், அவற்றையும் ஸ்பேனரில் இறுக்க வேண்டும்.

புக் செய்யும்போதே "வேக்யூம் பம்ப் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் உள்ளே சொட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஈரமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் எடுக்கும். அதை வெளியே தள்ள யூனிட்டில் பம்ப் கிடையாது. சரிவு ஒன்றுதான் வழி. மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது இறங்கிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஓரிடத்தில்கூட ஏறக் கூடாது.

தவறு முதலில் யூனிட்டின் முதுகிலேயே நடக்கிறது. காப்பர், வயர், டிரெயின் ஹோஸ் மூன்றையும் சேர்த்து டேப் சுற்றுவார்கள். அந்தக் கட்டுக்குள் டிரெயின் எப்போதும் அடியில் இருக்க வேண்டும். காப்பருக்கு மேல் ஏறி வளைந்தால் அந்த மேட்டில் தண்ணீர் நின்று, தட்டு நிறைந்து, முன்பக்கம் வழியும். டேப்பை இறுக்கிச் சுற்றி ஹோஸைச் சப்பையாக்குவதும் உண்டு. யூனிட்டில் இடதும் வலதும் இரண்டு டிரெயின் வாய் இருந்தால், பயன்படுத்தாத வாயின் ரப்பர் மூடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் மாற்றும்போது அதைத்தான் மறப்பார்கள்.

கூட வரும் நெளிவு ஹோஸ் தொய்ந்து தொட்டில்போல் தொங்கும், அந்தத் தொட்டிலில் தூசி சேர்ந்து கூழாகும். ஒரு மீட்டருக்கு மேல் போகவேண்டும் என்றால் முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புக்கு மாறி, இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் அடியுங்கள். அறைக்குள் ஓடும் டிரெயினுக்கும் இன்சுலேஷன் வேண்டும், குளிர்ந்த தண்ணீர் போவதால் அதுவும் வேர்க்கும்.

பைப்பின் முனை திறந்து தொங்க வேண்டும். பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் காற்று அடைத்துக்கொண்டு கொடகொடவென்று சத்தம் வரும், தண்ணீர் இறங்காது. பாத்ரூம் கழிவு பைப்பில் நேரடியாகச் சொருகினால் சாக்கடை நாற்றம் அதே வழியில் ஏறிப் படுக்கையறைக்கு வரும். இடையில் தண்ணீர்த் தடை இருக்கும் டிராப்பில்தான் விட வேண்டும். அடுக்ககம் என்றால் கீழ்வீட்டு ஜன்னல் சன்ஷேடில் சொட்டவிடாதீர்கள், அந்தச் சத்தம் இரவெல்லாம் கேட்கும்.

மாட்டி முடித்ததும் டிரெயினைச் சோதிக்க, முன்மூடியைத் திறந்து, ஃபில்டரை எடுத்து, காயிலின் அடித்தட்டில் அரை லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். வயர் பெட்டி பக்கம் ஊற்றக் கூடாது. இந்தச் சோதனை முடியாமல் மெக்கானிக்கை அனுப்பாதீர்கள்.

மாட்டிச் சில மாதம் நன்றாக இருந்து பிறகு சொட்டினால் சரிவைக் குறை சொல்ல முடியாது. ஃபில்டரும் தட்டும் அழுக்காகியிருக்கும், அல்லது கேஸ் குறைந்து காயிலில் ஐஸ் கட்டி, அணைத்ததும் மொத்தமாக உருகிக் கொட்டும்.

மின் இணைப்பு?

ஒன்றரை டன்னுக்கு 20 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), சி கர்வ் வகை. மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன், 4 சதுர மிமீ காப்பர் வயர். தூரம் குறைவென்றால் 2.5 போதும். ஃபிரிட்ஜோ கீசரோ இருக்கும் லைனில் பங்கு போடக் கூடாது. எர்த் வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே போகும் வயரில் ஒட்டு போடக் கூடாது. இன்வெர்ட்டர் ஏசியில் அதே வயர்க் கட்டுக்குள்தான் இரண்டு யூனிட்டும் பேசிக்கொள்ளும் சிக்னல் வயரும் போகிறது. ஒட்டு தளர்ந்தாலோ, நம்பர் மாற்றி மாட்டினாலோ டிஸ்ப்ளேயில் எரர் கோடு வந்து நிற்கும். மெக்கானிக் பிசிபி (உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு) போய்விட்டது என்பார். முதலில் டெர்மினல் நம்பர்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பைப் நீளமானால் கூடுதல் கேஸ் வேண்டுமா?

தொழிற்சாலையில் நிரப்பிய கேஸ் பொதுவாக 5 முதல் 7.5 மீட்டர் பைப்புக்குப் போதும். அதைத் தாண்டினால் மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும், சரியான எண் அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ இருக்கும். தராசு வைத்து எடைபோட்டே சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் அழுத்தத்தை வைத்துக் கேஸ் அளவு சொல்வது குத்துமதிப்புதான்.

3 மீட்டருக்கும் குறைவாக வெட்டிச் சுருக்குவதும் நல்லதல்ல. பல கம்பெனிகள் அதைக் குறைந்தபட்ச நீளமாக வைத்திருக்கின்றன. மிச்சத்தை அவுட்டோர் பின்னால் படுக்கை வாட்டில் வளையமாகச் சுற்றி வைக்கலாம்.

புது வீடு கட்டுகிறோம். பைப்பைச் சுவருக்குள் புதைக்கலாமா?

புதைக்கலாம், ஆனால் சுவருக்குள் ஒரு ஒட்டுக்கூட இருக்கக் கூடாது. ஒரே நீளப் பைப், இரு முனையும் மூடி, உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தோடு பூச்சு வேலை முடியும்வரை நிற்கட்டும். கொத்தனார் ஆணி பட்டு ஓட்டை விழுந்தால் கேஜ் அன்றைக்கே காட்டிக்கொடுக்கும். சிமென்ட் நேரடியாகக் காப்பரைத் தொடாதபடி இன்சுலேஷன் முழுக்க மூடியிருக்க வேண்டும். டிரெயினுக்கு 1 இஞ்ச் பிவிசி. அதன் சரிவைப் பூசுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பிறகு சுவரை உடைக்காமல் திருத்த முடியாது. டேப் வைத்து அளவு தெரிகிறபடி போட்டோ எடுத்து வையுங்கள். ஷெல்ஃப் அடிக்க வருகிறவருக்கு அது வேண்டும்.

பழைய ஏசியின் பைப்பையே பயன்படுத்தலாமா?

வெளியே ஓடும் பைப் என்றால் மாற்றிவிடுங்கள், மிச்சமாகும் பணத்துக்காகப் பழையதை வைத்துக்கொள்வது தகாது. சுவருக்குள் இருக்கிறது, உடைக்க முடியாது என்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அளவும் கனமும் புது யூனிட்டுக்குப் பொருந்த வேண்டும். ஆர்-22 ஏசியின் பழைய எண்ணெயைக் கழுவு திரவமும் நைட்ரஜனும் விட்டு முழுக்கத் துடைக்க வேண்டும். இரு முனையையும் வெட்டிப் புது நட்டோடு புதிதாகப் பிளேரிங் அடித்து, 400 பிஎஸ்ஐ சோதனையில் நிற்க வேண்டும். பழைய கம்ப்ரசர் எரிந்துபோன வீடென்றால் அந்தப் பைப் வேண்டவே வேண்டாம், உள்ளே அமிலக் கரி இருக்கும்.

மாட்டி முடித்ததும் சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

கதவை மூடி, கூல் மோடில் மிகக் குறைந்த டிகிரியில், முழு ஃபேன் வேகத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். மேலே காற்று இழுக்கும் இடத்திலும் கீழே காற்று வரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருக்க வேண்டும். மிகவும் ஈரமான நாளில் சற்றுக் குறையலாம். அவுட்டோர் வால்வில் இரண்டு பைப்பும் வேர்த்திருக்க வேண்டும். சின்ன பைப்பில் மட்டும் வெள்ளையாகப் பனி பூத்தால் கேஸ் குறைவு அல்லது வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நட்டுகளின் அடியைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே கேஸ் கசிகிறது.

பிறகு 24க்கு மாற்றிவிடுங்கள். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருப்பது மின்சாரத்தை மனதில் வைத்துத்தான்.

பல்லி, எறும்பு உள்ளே போகாமல் தடுக்க முடியுமா?

முடியும், அவசியமும்கூட. பிசிபியில் பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் சாதாரணம். சுவர்த்துளையின் இரு பக்கப் புட்டியும் இறுகியிருக்க வேண்டும். வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் விடுபட்டிருக்கக் கூடாது, டெர்மினல் மூடியின் ஸ்க்ரூ எல்லாம் போட்டிருக்க வேண்டும். டிரெயின் முனையில் நெருக்கமான வலை கட்டாதீர்கள், பாசி பிடித்து அடைக்கும்.

வீடு மாறும்போது கழற்றுவது எப்படி?

கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுவதை பம்ப் டவுன் என்பார்கள். கூல் மோடில் ஓடும்போது லிக்விட் வால்வை மூடி, சக்‌ஷன் கேஜ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது சக்‌ஷன் வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைக்க வேண்டும். கேஜ் மாட்டாமல் குத்துமதிப்பாகச் செய்ய விடாதீர்கள். பைப் கழன்றபிறகும் கம்ப்ரசர் ஓடினால் காற்றை உள்ளிழுக்கும். எண்ணெயும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்தால் கம்ப்ரசரே வெடிக்கும். லீக் இருந்து கேஸ் குறைந்திருக்கும் ஏசிக்கு பம்ப் டவுன் செய்யவே கூடாது, மீட்பு மிஷினில்தான் கேஸை எடுக்க வேண்டும். கழற்றியதும் நான்கு வாயையும் மூடி டேப் ஒட்டுங்கள். புது வீட்டில் மாட்டும்போது பிளேரிங், நைட்ரஜன், வேக்யூம் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.